மத்தளக் கையிலிருந்து தபேலா விரலுக்கு: படுவான்கரைக் கலைஞர் ஒருவரின் தொழில்வழி

மட்டக்களப்பில் தபேலா வாசித்தே குடும்பம் நடத்துகிறவர்கள் மிகச் சிலர். அவர்களில் ஒருவரைப் பற்றியது இந்த நிகழ்வு ஆய்வு. பெயரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். "பேர் போட்டா ஊருக்குள்ள வேற கதை கட்டுவாங்க சேர்" என்றார். ஆகவே இங்கே அவர் 'கலைஞர்' மட்டும்தான். அவரது தகப்பனார், அவரோடு மேடையேறிய பாடகர்கள், ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கும் ஒருவர் ஆகியோரிடம் பேசியதும், நானே பல வருடங்களாகப் பக்கத்திலிருந்து பார்த்ததும்தான் இதற்கு ஆதாரம்.

சிறுவயதில் ஆசை, பிறகு கடும் உழைப்பு, கடைசியில் வெற்றி என்று இதை எழுதிவிடலாம். ஆசை இருந்தது உண்மை. ஆனால் தகரத்திலும் மேசையிலும் தாளம் போடும் பிள்ளைகள் ஊருக்கு நாலு பேராவது இருக்கிறார்கள். அவர்களில் எவரும் இதைத் தொழிலாக்கவில்லை. இவர் மட்டும் எப்படி ஆனார் என்பதுதான் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தன் திறமையைக் காட்டுவதை விட்டு, பாடுகிறவருக்காக வாசிக்கப் பழகிய நாளில்தான் அவர் தொழிற்கலைஞர் ஆனார். அதற்கு முன்னால் நடந்தவை எல்லாம் அதற்கான தயாரிப்பு. சில இடங்களில் தடையும்கூட.

களரி

கலைஞர் பிறந்தது 1991இல், வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். வேளாண்மைக் குடும்பம். தகப்பனார் கூத்துக்கு மத்தளம் அடிப்பவர். வடமோடி, தென்மோடி என்ற இரண்டு கூத்து வகைக்கும் கை பழகியவர். அந்தப் பக்கத்தில் கூத்து என்பது ஓரிரவு நிகழ்ச்சி அல்ல. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஆட்டக்காரர்களுக்குச் சட்டம் (அவரவர் பாட்டு ஏடு) கொடுத்த நாளிலிருந்து சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் என்று மாதக்கணக்கில் நீண்டு கடைசியில்தான் அரங்கேற்றம். அத்தனை இரவும் மத்தளம் தேவை. பையன் தகப்பனின் பின்னால் போய், கூத்தாடும் களமான களரியின் ஓரத்தில் தூங்கி, அண்ணாவியார் சொல்லும் தாளக்கட்டைத் தூக்கத்திலேயே மனப்பாடம் செய்தவன். பத்து வயதாகும்போது தகப்பனார் களைத்த நேரங்களில் மத்தளத்தை இடுப்பில் கட்டி நிற்க வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பயிற்சி என்ன கொடுத்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கூத்து மத்தளக்காரனுக்குக் கண் ஆட்டக்காரனின் காலில் இருக்க வேண்டும். அரசன் வரவென்றால் ஒரு வேகம், பெண் பாத்திரத்தின் வரவென்றால் இன்னொன்று. ஆட்டக்காரன் உற்சாகமாகி வேகம் கூட்டினால் மத்தளமும் கூடவே ஏற வேண்டும். அவன் தளர்ந்தால் மத்தளம்தான் அவனை இழுத்துக்கொண்டு போக வேண்டும். சொற்கட்டை வாயால் சொல்லிவிட்டுக் கையால் வாசிக்கும் பழக்கமும் இங்கேதான் வந்தது. வட இந்தியத் தபேலாவிலும் அதுவே முறை. போல் என்ற தாளச்சொல்லை முதலில் வாயில் சொல்ல வேண்டும், பிறகுதான் விரலுக்கு வரும். அந்த ஒரு விஷயத்தில் படுவான்கரைப் பையனுக்கும் லக்னோ மாணவனுக்கும் பெரிய இடைவெளி கிடையாது.

கெடுத்ததும் இதே பயிற்சிதான். அது பின்னால் வரும்.

வாவியைத் தாண்டியது

2007 மார்ச்சில் படுவான்கரையிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்து வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைக்கு வந்தன. இவரது குடும்பமும் அவற்றில் ஒன்று. மற்றவர்கள் முகாமில் இருக்க, படிக்கிற பிள்ளை என்று இவரை மட்டும் கல்லடியில் இருந்த பெரியம்மா வீட்டில் விட்டார்கள். சுனாமி அடித்து இரண்டரை வருடம்கூட ஆகாத ஊர் அது. தகப்பனாரின் மத்தளம் படுவான்கரை வீட்டிலேயே கிடந்தது. திரும்பிப் போனபோது அது வாசிக்கிற நிலையில் இல்லை.

பெரியம்மா வாரந்தோறும் போகும் பஜனை மண்டபத்தில்தான் அவர் முதன்முதலாகத் தபேலாவைக் கிட்டத்தில் பார்த்தார். அதற்கு முன் வானொலியில் சினிமாப் பாட்டில் கேட்டிருக்கிறார். எழுபதுகள், எண்பதுகளின் தமிழ்ச் சினிமாப் பாட்டில் தபேலா இல்லாததைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் அந்தச் சத்தம் இரண்டு தனித்தனி வாத்தியங்களிலிருந்து வருகிறது என்பது அன்றுதான் தெரிந்ததாம். மண்டபத்தில் வாசித்தவர் ஒரு ஓய்வுபெற்ற எழுதுவினைஞர். பையன் தொடையில் தாளம் போடுவதைக் கவனித்து, "மனே, இஞ்ச வா, இதில ஒரு கை போடு பாப்பம்" என்று கூப்பிட்டிருக்கிறார்.

போட்டார். மண்டபம் அதிர்ந்தது. மத்தளம் திறந்த வெளியில் நின்றுகொண்டு, உள்ளங்கை முழுவதையும் கொடுத்து அடிக்கும் வாத்தியம். தபேலா அப்படிக் கேட்பதில்லை. வலக்கைத் தபேலாவில் மோதிர விரல் நடுக் கறுப்பு வட்டமான கரணையின் ஓரத்தில் மெதுவாகப் படிந்திருக்க, சுட்டுவிரல் விளிம்பில் பட்ட கணமே விலக வேண்டும். அப்போதுதான் 'நா' என்ற சொல் மணி போல நிற்கும். விரல் அரைக்கணம் தங்கினாலும் நாதம் செத்துவிடும். இடக்கை டக்காவில் மணிக்கட்டு தோலின் மேல் கிடந்து, அடித்த பிறகு முன்னால் அழுத்தி நகர்ந்தால்தான் அந்தக் கும்மென்ற வளைவு வரும். பலமான கை இருந்தவருக்குப் பலத்தைக் கழற்றி வைப்பதே முதல் பாடம். எழுதுவினைஞர் ஐயா பல மாதங்கள் ஒரே தாளத்தை மட்டும் கொடுத்தார். எட்டு மாத்திரைக் கெர்வா: தா கே ந தி, ந க தி ந. "இதை மட்டும் சுத்தமா வாசி, பூ வைக்காத" என்பதுதான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது.

பஜனை மண்டபம் பற்றி என் தனிப்பட்ட கருத்து ஒன்று. இசைப் பள்ளி என்று பலகை வைத்த பல இடங்களைவிட அது நல்ல பள்ளி. பாட்டு முன்னறிவிப்பின்றி மாறும். பாடுகிறவர்கள் பயிற்சி பெற்றவர்கள் அல்ல. சுருதி ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று. முதல் சுற்று மெதுவாக, அடுத்த சுற்று இரட்டிப்பு வேகத்தில். நாற்பது பேரின் கைதட்டலைத் தபேலாதான் ஒன்றாகப் பிடித்து வைக்க வேண்டும். பிழை விட்டால் யாரும் திட்டமாட்டார்கள், ஆனால் கைதட்டல் கலைந்துவிடும். உடனடித் தீர்ப்பு அது. சம்பளம் மட்டும் கிடையாது, பிரசாதம் உண்டு.

பரீட்சை இல்லாத வாத்தியம்

க.பொ.த. சாதாரண தரத்தில் அவர் சங்கீதம் எடுக்கவில்லை. பாடசாலையில் ஆசிரியர் இல்லை. இருந்திருந்தாலும் தபேலாவுக்கு அதில் இடமில்லை. தமிழ்மொழி மூல மாணவருக்குப் பாடமாக இருப்பது கர்நாடக சங்கீதம். சிங்களமொழி மூல மாணவர்கள் படிக்கும் கீழைத்தேய சங்கீதம்தான் வட இந்திய இசையை அடிப்படையாகக் கொண்டது. தீன்தாள், தாத்ரா என்ற தபேலாத் தாளங்கள் அந்தப் பாடத்திட்டத்தில் வரும். இந்தப் பிரிவுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1934இல் தாகூர் ஹொரணையில் ஸ்ரீபாலி கலைப்பள்ளிக்கு அடிக்கல் நாட்டினார். சிங்கள இசைஞர்கள் சாந்திநிகேதனுக்கும் லக்னோவுக்கும் படிக்கப் போனார்கள், அமரதேவ லக்னோவில் படித்தவர். 1952இல் இலங்கை வானொலிக் கலைஞர்களைத் தரம் பிரிக்க லக்னோவிலிருந்து இசை அறிஞர் ரத்தன்ஜன்கர் வரவழைக்கப்பட்டார். தமிழ்ப் பக்கம் சென்னையைப் பார்த்தது. வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளில் மிருதங்கத்துக்குத் தரங்கள் உண்டு. காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகளோ இரண்டு பக்கமும் போகாமல் சிலப்பதிகாரத்துக்குள் இறங்கி யாழைத் தேடினார். அவர் பெயரால் கல்லடியில் ஓர் அழகியற் கற்கைகள் நிறுவகமே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது.

இந்த வரலாற்றின் நடுவில் மாட்டிக்கொண்டது தபேலா. கிழக்கின் தமிழர்கள் அதைக் கல்யாண வீட்டில், தேவாலயத்தில், பஜனையில், இஸ்லாமியப் பாடல் பதிவில் நாள்தோறும் கேட்கிறார்கள். ஆனால் பாடசாலை வழியாக அதற்குப் போகிற படி தமிழில் இல்லை. உயர்தரத்தில் கலைப்பிரிவில் தேறியும் பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதாமல் போனபோது, "மிருதங்கத்துக்கு மாறு, சான்றிதழாவது கிடைக்கும்" என்று நானும் அவருக்குச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. மிருதங்கம் பிடிக்காமல் இல்லை, "கை அங்க போனா திரும்ப வராது சேர்" என்றார். அது சரியான கணிப்பா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை. மிருதங்கம் படித்துவிட்டுத் தபேலாவும் வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

2010க்குப் பிறகு அவர் கொழும்புக்குப் போய்ப் படிக்கத் தொடங்கினார். அங்கே கட்புல, ஆற்றுகைக் கலைகள் பல்கலைக்கழகத்தில் தபேலா இருந்தாலும் படிப்புப் பெரும்பாலும் சிங்களத்தில். கொழும்பு 7இல் உள்ள இந்தியக் கலாசார நிலையத்திலும் வகுப்பு உண்டு. ஆனால் கிழமை நாள் வகுப்புக்கு மட்டக்களப்பிலிருந்து யார் போவது? கடைசியில் லக்னோவில் படித்துத் திரும்பிய ஒரு சிங்கள ஆசிரியர், மாதத்தில் இரண்டு சனிக்கிழமை வீட்டில் சொல்லிக் கொடுக்க ஒப்புக்கொண்டார். இரவு ரயிலில் போய், காலையில் கோட்டை நிலையத்தில் முகம் கழுவி, வகுப்பு முடித்து, அன்றிரவே திரும்புவார். அந்த நாட்களில் பகலில் ஒரு வன்பொருள் கடையில் வேலை. ஆசிரியருக்குத் தமிழ் வராது, இவருக்குச் சிங்களம் அரைகுறை. போல்களுக்கு இரண்டும் தேவைப்படவில்லை.

அவரது பாடக் கொப்பியை எனக்குக் காட்டியிருக்கிறார். தமிழில் எழுதிய போல்கள், இடக்கை சேர்ந்து ஒலிக்கும் இடங்களில் எல்லாம் சிவப்புக் கோடு. 'தின்' என்று எழுதினால் டக்கா உண்டா இல்லையா என்று எழுத்திலிருந்து தெரியாதே, அதற்கு அவர் கண்டுபிடித்த வழி. தாளங்களை அவர் பிடித்துக்கொண்ட விதமும் சுவாரசியமானது. பத்து மாத்திரை ஜப்தாளத்தைக் கர்நாடக இசையின் ஐந்து மாத்திரைக் கண்டசாபு இரண்டு என்று எடுத்துக்கொண்டார்: இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று. அது உடனே வந்துவிட்டது. ஏழு மாத்திரை ரூபக்கில்தான் சறுக்கல். கர்நாடக இசையின் மிஸ்ரசாபு போலத்தானே என்று முதல் அடியில் இடக்கையை ஓங்கிக் கொடுத்தார். ரூபக்கின் முதல் மாத்திரை காலி, அங்கே டக்கா பேசக்கூடாது: தின் தின் நா, தி நா, தி நா. களரியில் முதல் அடிதான் நிலம் அதிர விழும். அதை வெறுமையாக விடக் கற்பதற்கு, ஆசிரியரின் கணக்குப்படி, ஒரு மழைக்காலம் முழுவதும் போனது.

பின்னர் லக்னோ பாத்கண்டே சங்கீத வித்யாபீடத்தின் பரீட்சைகளை எழுதி விஷாரத் தரம் வரை முடித்தார். சான்றிதழ் சுவரில் தொங்குகிறது. அதைப் பார்த்து வேலை கொடுத்தவர் ஒருவரும் இல்லை என்பது அவர் வாய்ப்பாடு.

ஒலிப்பதிவுக் கூடத்தில் நடந்தது

இந்த ஆய்வின் மையமான சம்பவம் இது. கல்முனைப் பக்கத்தில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் கோயில் பாடல் இறுவட்டு (சிடி) ஒன்றுக்கு வாசிக்க அழைத்தார்கள். முதல் பணம் தரும் பதிவு. காதில் ஹெட்போன், அதில் மெட்ரோனோம் டிக் டிக் என்று அடிக்கிறது. அதற்கு வாசிக்க வேண்டும்.

பல்லவியில் சரி. சரணத்துக்கு வரும்போது தபேலா டிக்கை முந்திக்கொண்டு ஓடியது. மறுபடி. மறுபடியும் ஓட்டம். கூடத்துக்காரர் என்னிடம் சொன்னது: "கை சுத்தம், போல் எல்லாம் பிரமாதம், ஆனா ஆள் நிக்க மாட்டார்." பாட்டு ஏறும்போது வேகமும் ஏற வேண்டும் என்பது களரி அவருக்கு உடம்பில் எழுதிய பாடம். ஆட்டக்காரன் இல்லாத இடத்திலும் அவர் ஆட்டக்காரனுக்காக வாசித்துக்கொண்டிருந்தார். அதோடு இடைவெளி கிடைத்த இடமெல்லாம் திஹாய் வைத்தார். பாடகிக்கு மூச்சு எடுக்கிற இடத்தில் மூன்று முறை திரும்பி வரும் கோர்வை விழுந்தால் என்ன ஆகும்? பாடகி அடுத்த வரியைத் தவறவிட்டார். அன்று மாலை அந்தப் பாட்டுக்குக் கீபோர்டில் இருந்த தபேலாத் தாளத்தையே போட்டுப் பதிவை முடித்தார்கள்.

இயந்திரம் தன்னை வென்றதுதான் அவருக்குச் சுட்டது. அடுத்த சனிக்கிழமை ஆசிரியரிடம் போய்ச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு லெஹராவைக் கொடுத்தார். ஆர்மோனியத்தில் ஒரே மெட்டு, பதினாறு மாத்திரைக்கு ஒரு சுற்று, திரும்பத் திரும்ப. அதற்கு வெறும் தீன்தாள் டேகா (தாளத்தின் அடிப்படை வாசிப்பு) மட்டும், அரைமணி நேரம், அலங்காரம் எதுவும் இல்லாமல். இன்று அது தொலைபேசிச் செயலியில் கிடைக்கிறது. அவர் ஒரு கசெட் பதிவைக் கைபேசியில் மாற்றிக் கேட்டார். ஒரு வருடத்துக்கு மேல் தனி வாசிப்புப் பாடங்களை, காயிதா, ரேலா எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இதையே செய்தார். தபேலாவில் விரல் வேகத்துக்குத்தான் கைதட்டல். ஆனால் ஊரில் தபேலாக்காரனைக் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் பாடகர்கள், நடன ஆசிரியைகள். அவர்களுக்கு வேண்டியது கல் போல நிற்கும் டேகா. இதை அவர் இருபத்துநாலு வயதில் புரிந்துகொண்டார். பலர் கடைசிவரை புரிந்துகொள்வதில்லை.

அதே கூடத்துக்காரர் பின்னர் திரும்பக் கூப்பிட்டார். அப்புறம் கூப்பிடுவதை நிறுத்தவில்லை.

சுருதியும் காற்றும்

இரண்டாவது தொழில் ரகசியம் சுருதி. பெரும்பாலான உள்ளூர் வாசிப்பாளர்களிடம் ஒரே ஒரு சோடி இருக்கும். இவர் மெல்ல மெல்ல மூன்று வலக்கைத் தபேலா சேர்த்தார். வாய் அகலம் குறைந்தால் சுருதி ஏறும். ஒரே வாத்தியத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டி எல்லாச் சுருதிக்கும் கொண்டுபோக முடியாது, தோல் பிய்ந்துவிடும். ஐந்தரைக் கட்டையில் (கட்டை என்பது சுருதியின் அளவு) பாடும் பெண்ணுக்கு ஒன்றரைக் கட்டைத் தபேலாவை மத்திமமாக வைத்து வாசிக்கலாம். ஆனால் பாட்டு மோகன ராகத்திலோ கல்யாணி ராகத்திலோ இருந்தால் அங்கே சுத்த மத்திமமே இல்லை, தபேலா பாட்டுக்குள் முள்ளாகக் குத்தும். அப்போது இரண்டரைக் கட்டைக்கு மாற்றிப் பஞ்சமத்தில் வைக்க வேண்டும். எந்தப் பாட்டு, எந்தச் சுருதி என்று முதல் நாளே தொலைபேசியில் கேட்டுவைப்பது இவர் வழக்கம். இப்படிக் கேட்கிற ஒரே தாளக்காரர் இவர்தான் என்று ஒரு பாடகி சொன்னார்.

மட்டக்களப்பின் காலநிலை இதில் தனிக் கதை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தோல் வரண்டு இறுகிச் சுருதி தானாக ஏறும். இரவில் விட்டுவைத்தால் காலையில் கிழிந்து கிடக்கும். ஆகவே வாசித்து முடிந்ததும் தளர்த்தி வைக்க வேண்டும். வாடையும் மழையும் தொடங்கினால் தலைகீழ்: தோல் நனைந்த துணி போலத் தொய்ந்துவிடும், டக்கா பேசாது. தோல் மாற்ற இங்கே ஆளில்லை. தவில், மிருதங்கம் கட்டுகிறவர்களுக்குத் தபேலாவின் கரணை கைவரவில்லை. கொழும்புக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டும். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு இந்தியாவிலிருந்து வரும் தோலின் விலை எங்கேயோ போய்விட்டது. ஒரு தோலுக்கு ஒரு கல்யாண மேடைச் சம்பளத்தில் பெரும்பகுதி சரி.

வயிற்றுப்பாடு

வருமானம் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி வருவதில்லை. ஆடி அமாவாசையில் மாமாங்கத்திலும் திருக்கோவிலிலும் தீர்த்தம், அதைத் தொடர்ந்து மண்டூர், கொக்கட்டிச்சோலைத் திருவிழாக்கள் என்று போகும் அந்த இரண்டு மூன்று மாதம் பக்திப் பாட்டுக் கச்சேரிகளும் இறுவட்டுப் பதிவுகளும் நெருக்கும். நோன்பு காலத்துக்கு முன்னால் காத்தான்குடி, கல்முனைப் பாடகர்களின் இஸ்லாமிய கீதப் பதிவு. மார்கழியில் தேவாலயப் பாடகர் குழுக்கள். கார்த்திகை மழையில் ஒன்றும் இருக்காது. கல்யாண வீட்டு இன்னிசையில் ஒக்டாபேட் என்ற மின் தாளக்கருவி வந்த பிறகு தபேலாவுக்கு இடம் சுருங்கியது. ஒருவரே எல்லாச் சத்தமும் தரும்போது இரண்டாவது ஆளுக்கு யார் சம்பளம் கொடுப்பார்? இவர் அதோடு சண்டை பிடிக்காமல் தானும் ஒக்டாபேட் வாசிக்கப் பழகினார். தூய்மைவாதிகள் முகம் சுளிக்கட்டும், வீட்டு வாடகை அதில்தான் கட்டப்பட்டது. வன்பொருள் கடை வேலையை விட்டது 2018இல், கல்யாணத்துக்குப் பிறகு. மனைவி ஆசிரியை, நிரந்தரச் சம்பளம். இதைச் சொல்லாமல் இந்தக் கதையை எழுதுவது நேர்மையாகாது.

2020இல் கொரோனா எல்லா மேடையையும் மூடியபோது ஓர் அறையில் மெத்தைகளைச் சாய்த்து வைத்து வீட்டிலேயே பதியத் தொடங்கினார். புலம்பெயர்ந்த நாடுகளில் உள்ள பாடகர்கள் பாட்டை அனுப்புவார்கள், இவர் தபேலா சேர்த்துத் திருப்பி அனுப்புவார். டிக்கோடு நிற்கத் தெரிந்த கைக்கு இது பொருந்திய வேலை. இன்று அவர் வருமானத்தில் பாதிக்குக் கிட்ட இதிலிருந்துதான்.

இப்போது வீட்டில் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கிறார், அதில் இரண்டு பேர் பெண்பிள்ளைகள். பெற்றோர் கேட்பது ஒரே கேள்வி: பரீட்சை எங்கே? கொழும்பில் என்று சொன்னதும் பாதிப்பேர் நின்றுவிடுகிறார்கள். மட்டக்களப்பிலேயே ஒரு பரீட்சை நிலையம் வைக்கக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்.

தகப்பனார் இன்னும் மத்தளம் அடிக்கிறார். போன வருடம் ஊர்க் கூத்துக்குத் தபேலாவும் சேர்த்தால் என்ன என்று மகன் கேட்டிருக்கிறார். "களரியில ஆடுறவன் நிண்டு கேக்க மாட்டான் மனே, அவனுக்கு மத்தளம்தான் வேணும்" என்று தகப்பனார் மறுத்துவிட்டார். இந்த விஷயத்தில் நான் தகப்பனார் பக்கம். மகன் என்னோடு இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்.